கோஷ் அரபி

காலை எட்டே காலுக்கு சுசீந்திரத்தில் பஸ் ஏறினேன். நாகர்கோவிலில் மாறி மணவாளக்குறிச்சி. மணல் ஆலையைத் தாண்டிக் கடற்கரைக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

பத்திரிகை வேலையை விட்டு அரபி, பாரசீக இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து இது மூன்றாம் ஆண்டு. ஊரில் "அரபி படிக்கான்" என்பார்கள். "பாரசீகமும்" என்று திருத்துவேன். அந்தப் பேச்சு இந்தக் கடற்கரையில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா வரை போயிருந்தது. அவர் கணவருக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. வரும் திங்கள் மகளுக்குக் கல்யாணம். முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. நான் போனில் பேசி விடுப்பு கேட்க வேண்டும்.

"அரபிக்காரரிட்ட பேச வந்த ஆளு நீங்கதானா?" என்றார் ஆட்டோக்காரர். "சட்டையெல்லாம் தேச்சுப் போட்டிருக்கிய, வீடியோ காலா?"

வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்து நிற்க, ஸ்பீக்கரில் போட்டார் அக்கா. "கண்ணியமிக்க ஐயா" என்று தொடங்கி, நூலில் படித்த அரபியில், ஒரு விகுதி பிசகாமல் விண்ணப்பித்தேன். மறுமுனையில் சிரிப்பு. முதலாளி யார்யாரையோ கூப்பிட்டார்; அவர்களும் சிரித்தார்கள். அடுத்து வேகமாக ஏதோ சொன்னார். அங்கத்திய பேச்சுமொழி எனக்குப் பிடிபடவில்லை, ஒரு சொல்லைத் தவிர: கோஷ். பாரசீகச் சொல். நல்லது என்று பொருள். நம் குஷிக்கும் வேர் அதுதான். என் ஆய்வேட்டில் அதற்குப் பதினோரு பக்கம். போன் துண்டித்தது.

"சிரிக்காரே, என்ன சொல்லுகாரு?"

"நல்லதுங்காரு அக்கா."

"ஏட்டி, அப்பா வாறாங்கடீ!"

"அப்ப மாமாக்கு கோட்டு எடுக்கணும்லா?" என்றாள் ஒருத்தி.

"அப்பாக்கு வேர்க்கும். வெள்ளச் சட்ட போதும்" என்றாள் மணப்பெண்.

டீ குடித்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. வளைகுடாவில் கோஷ் என்பதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைப்பார்கள். அதற்குப் பின்னால் நான் கவனிக்காத ஒரு சொல் வந்திருந்தது: அரபி. கோஷ் அரபி. நல்ல அரபி. அவர் மெச்சியது என் அரபியை. தலைப்புக்காகப் பேட்டியில் ஒரு சொல்லை வெட்டி எடுப்பதுபோல நான் எடுத்திருக்கிறேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

திரும்பிப் போனபோது அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். வாசலிலேயே சொன்னேன்.

"அப்ப லீவு தாறதா சொல்லலியா?" என்றார் அக்கா.

"எனக்கு மனசிலாவல அக்கா."

"அத அப்பமே சொல்லியிருந்தா என்ன மக்கா? இன்னொருக்க போடு. மனசிலாவலன்னா மனசிலாவலன்னு அவருட்டயும் சொல்லு."

போட்டேன். புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல ஒரே சொல்: "லா."

இல்லை என்று மொழிபெயர்க்க நான் வாயெடுப்பதற்குள் மகள் கொடியிலிருந்து ஈரச் சட்டையை எடுத்துவிட்டாள்.

இரண்டரைக்கு சுசீந்திரம். தெருவில் தெரிந்தவர் ஒருவர், தன்னுடன் வந்தவரிடம் என்னைக் காட்டி, "நம்ம தம்பி, அரபி படிக்கான்" என்றார்.

நான் திருத்தவில்லை.