கோட்டுக்கு வெளியே ஒரு முழம்

முனிரத்தினத்தின் காலை ஒடித்தவன் நான். அவன் தானாக விழுந்தான் என்றுதான் ஊர் சொல்கிறது. ஊருக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்... நான்தான்!

அன்று அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்தணிக்காரர்கள் நாங்கள் பதினொரு பேர். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஆட வந்த நெசவுக்காரப் பையன்கள் பதினொரு பேர். விசில் ஊதிய மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சாமுவேல். அரக்கோணம் ரயில்வே பட்டறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபோர்மன். மலையில் மொட்டை போட்டு இறங்கி, தலையில் சந்தனம் காயுமுன்னே வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட யாத்திரைக்காரர்கள் ஒரு கூட்டம். இத்தனை கண்கள்! ஒரு கண்ணுக்கும் என் குற்றம் தெரியவில்லை.

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் நின்று யோசிப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு குழியை எப்படி அரைகுறையாக விட்டேன்?...

அப்போது பந்தல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கூலிக்கு இருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு வரும் ஜனங்களுக்காகப் பொய்கையோரத்து மைதானத்தில் கீற்றுப் பந்தல் போடுவோம். திருவிழா முடிந்ததும் கம்பங்களைப் பிடுங்கி, குழிகளில் மண்ணைக் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்துவது என் வேலை. கடைசிக் குழிக்கு வரும்போது வெளிச்சம் போய்விட்டது. பக்கத்தில் மண்ணும் இல்லை. ஒரு கிழிந்த கீற்றை மடித்து அதன் வாயில் வைத்து, மேலே மணலைத் தூவினேன். காலையில் வந்து மூடிக்கொள்ளலாம்... காலையில் காண்ட்ராக்டர் என்னை ஆர்.கே.பேட்டைக்குக் கல்யாணப் பந்தல் போட அனுப்பிவிட்டார். அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட வந்து நின்றபோது, புதிதாய்ப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன். உடனே ஞாபகம் வந்தது. பொய்கைப் பக்கத்துக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அந்தக் குழி!

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எங்கள் காப்டன் துரைசாமி அந்தக் காண்ட்ராக்டரின் மகன். சொன்னால் அவன் நைனா காதுக்குப் போகும். கூலி போகும், வேலை போகும். நான் வலப்பக்கம் காவல் நிற்கும் பேக். முதல் பாதியில் என் இடம் மலைப் பக்கம். குழி அந்தண்டை. கோட்டுக்கு வெளியே யார் ஓடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முனிரத்தினம் பொதட்டூர்பேட்டைக்காரர்களின் இடது ஓரத்து ஆட்டக்காரன். எனக்கு நேர் எதிர். அந்த ஃபோர்மன் வந்திருந்ததே அவனைப் பார்க்கத்தான். அன்று நன்றாக ஆடினால் பட்டறை டீமில் இடம், பட்டறையிலேயே வேலை. எல்லோருக்கும் தெரிந்த சேதி. அப்போது உலகச் சண்டைக் காலம். நூல் கிடைக்காமல் பேட்டையில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. அவன் வீட்டில் எத்தனை பேர் அந்த வேலையை நம்பி இருந்தார்களோ!

அவன் ஓட்டத்தை நான் எப்படிச் சொல்ல? வெறுங்கால். பந்தைத் தட்டிவிட்டானென்றால் புழுதிதான் தெரியும். நான் வலப்பக்கம் திரும்புவதற்குள் இடப்பக்கமாய் உள்ளே வெட்டிப் போய்விடுவான். முதல் கோல் அப்படித்தான். இரண்டாவது கோலும் அப்படியே! துரத்தத் துரத்த மூச்சு முட்டியது. மொட்டைத் தலைகளெல்லாம் சிரித்தன. "பட்டுக்கோரா! பட்டுக்கோ!" பிடிடா, பிடி என்று தெலுங்கில் ஒருவன் என்னைப் பார்த்துக் கை கொட்டினான்.

ஹாஃப் டைமில் துரைசாமி என் மேல் பாய்ந்தான்.

"இன்னாடா ஏகாம்பரம், தொறந்த ஊடு மாரி நிக்கறியே! அவன் மாமியா ஊட்டுக்கு விருந்துக்குப் போறாப்போல போய்க்கினு இருக்கான்!"

"நான் இன்னா பண்ணட்டும் துரை? ஓடிக்கினுதானே இருக்கேன்..."

"ஓடறதாலதான்யா தோக்கறோம்" என்றான் தேவசகாயம். எனக்கு முன்னால் ஆடுகிறவன், மிஷன் தெருப் பையன், அதிர்ந்து பேசமாட்டான். குந்தி உட்கார்ந்து மண்ணில் விரலால் கோடு இழுத்தான். "ஓட்டத்துல அவன புடிக்க முடியாதுப்பா. நாம ஓடவே கூடாது. அவன் எப்பவும் உள்ள வெட்டித்தான் கோல் அடிக்கறான். நான் பின்னால எறங்கி உள்வழிய அடைச்சிக்கறேன். ஏகாம்பரம், நீ மேல போய் விழாத. ரெண்டு கை தூரம் தள்ளி நில்லு. அவன் வந்தா பின்னாலயே போ. வெளிப்பக்கத்த அவனுக்கே உட்டுக் குடு. கோட்டோரம் போனா அவனுக்கு எடம் இல்ல, பந்தைத் தூக்கித்தான் போடணும். தூக்கிப் போட்டா துரை தலையால முட்டி வெளிய தள்ளிடுவான்."

"நம்மகிட்ட பந்து வந்தா?"

"ஆத்தரப்படக் கூடாது. கிட்டக் கிட்டத் தட்டிக்கினு மெதுவா போவணும். அவங்க வேகத்துல ஆடாம நம்ம வேகத்துல ஆடணும்."

நல்ல யோசனை. அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வெளிப்பக்கத்தை விட்டுக்கொடு என்று அவன் சொன்னபோதுதான் அந்தக் குழி மறுபடி நினைவுக்கு வந்தது. ஹாஃப் டைமுக்குப் பிறகு பக்கம் மாறும். இனி என் ஓரம் மலையோரம் இல்லை. பொய்கையோரம்!

வாயைத் திறந்தேன்.

"இன்னாடா?" என்றான் துரைசாமி.

"ஒண்ணுமில்ல..."

அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன்.

இரண்டாம் பாதியில் எல்லாம் மாறிப்போயிற்று. நான் துரத்தவில்லை. அவன் வரும்போது பின்னாலேயே நகர்ந்தேன். உள்ளே வெட்டப் பார்த்தான், அங்கே தேவசகாயம். ஓரமாய்ப் போனான், இடமில்லாமல் பந்தைத் தூக்கிப் போட்டான், துரைசாமி தலையால் திருப்பினான். மறுபடி வந்தான். மறுபடி அப்படியே! எங்கள் ஆட்கள் பந்தைக் கிட்டக் கிட்டத் தட்டி மெல்ல மெல்ல ஏறினார்கள். ஒரு கோல். பிறகு இன்னொன்று. சரிசமம்! என்னைப் பார்த்துச் சிரித்த மொட்டைத் தலைகள் எனக்காகவே கை தட்டின. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பயமில்லாமல் இருந்தது. அந்த ருசி பொல்லாதது... பொல்லாதது!

ஆனால் முனிரத்தினம் மடையன் இல்லை. எங்கள் யோசனையைப் புரிந்துகொண்டான். இப்போது அவனும் வேகத்தைக் குறைத்தான். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நடந்து வந்தான். தேவசகாயம் எங்கேயோ தூரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். உள்வழி திறந்து கிடந்தது. எனக்கு உதவ யாரும் இல்லை.

இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. கேளுங்கள்.

நான் பின்னால் நகர்ந்தேன். பயந்து நகரவில்லை. இடம் பார்த்து நகர்ந்தேன்! திரும்பிப் பார்க்காமலே அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வெட்டிய குழி அல்லவா! அதற்கு நேராக வந்ததும் நின்றேன். உள்பக்கம் பாய்வதுபோல் தோளை ஒரு ஆட்டு ஆட்டினேன். உள்வழி அடைபட்டது என்று நம்பிவிட்டான். பந்தைக் கோட்டை ஒட்டித் தட்டிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடினான்.

கீற்று கிழிந்த சத்தம் கேட்டது. அதற்கடுத்த சத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நைனா... நைனா..." என்று கத்தினான். பந்து மெல்ல உருண்டு போய்க்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப் போய்ப் பந்தை எடுத்தேன். பந்தை!

"எவன்டா இங்க குழி வெட்னவன்?" என்று துரைசாமி அலறினான்.

"மாடு கட்ன முளைய புடுங்கியிருப்பாங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! இத்தனை பயந்தவனுக்கு!

முனிரத்தினத்தைப் பலகையில் கிடத்தி ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். எலும்பு கட்டுவதற்குப் புத்தூர் போகும் ரயிலில் ஏற்றினார்கள். மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தோம். அவனில்லாத பொதட்டூர்பேட்டை எங்களுக்கு எம்மாத்திரம்? நாங்கள் ஜெயித்தோம்.

ஃபோர்மன் என்னைக் கூப்பிட்டார். "முதல்ல முட்டாள் மாதிரி ஓடினாய். அப்புறம் நின்றாய். ஆட்டத்துக்கு நடுவில் புத்தி மாத்திக்கிற ஆள் நமக்கு வேணும். திங்கட்கிழமை பட்டறைக்கு வா" என்றார்.

எல்லோரும் போன பிறகு அந்தக் குழியை மூடினேன். எவ்வளவு கெட்டியாக இடித்தேன் தெரியுமா! அந்தக் கவனம் ஒரு நாள் முன்னால் இருந்திருக்கக்கூடாதா?...

திங்கட்கிழமை போனேன். ஆமாம், போனேன்! அவனுக்கென்று இருந்த வேலையில் உட்கார்ந்தேன். இன்று வரைக்கும் அந்தச் சோற்றைத்தான் தின்கிறேன்.

புத்தூரில் கட்டியவர் கைமேல் குறை சொல்ல முடியாது. எலும்பு கூடிற்று. ஆனால் முட்டி மடங்கவில்லை. தறிக்குழியில் காலை இறக்கி மிதிக்க முடியாதவனுக்கு நெசவு ஏது? வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து நூல் சுற்றினான். பிறகு லுங்கிகளை மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ரயிலாய் ஏறி விற்கத் தொடங்கினான்.

போன மாசம் அரக்கோணம் பிளாட்பாரத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன். அவனே கூப்பிட்டான்.

"ஏகாம்பரம்ணா! இன்னாண்ணா, கண்டும் காணாதமாரி போறே?"

பக்கத்தில் நின்ற ஆளிடம் என்னைக் காட்டினான். "இவருதான்யா என்னை மறிச்ச ஒரே ஆளு!" அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை. ஐயோ, பெருமை!

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு... அன்னிக்கு எம் புத்திதான் கெட்டுப்போச்சி. வெளிய ஓடியிருக்கக் கூடாது. எப்பவும்போல உள்ள வந்திருந்தா... நீ புடிச்சிருப்பியா?"

என்னால் குழியைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. சரி. நான் கோழை. ஆனால் அவன் கேட்டது அதுவல்லவே! உள்ளே வந்திருந்தால் அவனை நான் பிடித்திருக்க முடியாது. இந்தச் சீமையில் எவனாலும் முடியாது. அந்த ஒரு நிஜத்தையாவது அவனுக்குக் கொடுத்திருக்கலாம். காசில்லை, பணமில்லை, ஒரே ஒரு வார்த்தை...

கொடுத்தால் கேட்பானே! முடியாதவன் எதற்காக உள்பக்கம் தோளை ஆட்டினாய் என்று கேட்பானே!

"புடிச்சிருப்பேன்" என்றேன்.

"ஆங்..." என்று தலையை ஆட்டினான். முகத்திலிருந்த என்னவோ அணைந்தது. "நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினேன்."

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மடங்காத காலை இழுத்து இழுத்து, அடுத்த பெட்டியில் ஏறப் போனான்.