முட்டி மடங்காத குதிரை

ஆபீசில் அவரைக் குதிரைக்காரர் என்பார்கள். ஆயுளில் ஒருநாளும் குதிரைமேல் ஏறியவரில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவம் செய்து கொடுப்பது அவர் தொழில். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு குதிரை செய்தார், அதுதான் பெயராக ஒட்டிக்கொண்டது.

திரையில் ஓடுகிற எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்ததுதான். நிறைய ஒட்டினால் உருண்டையாக வரும், குறைந்தால் பெட்டி பெட்டியாக வரும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் குதிரை ஒன்றுக்கு முந்நூறு முக்கோணத்துக்குமேல் தாங்காது. குதிரைக்காரர் வாலிலிருந்து பத்தைப் பிடுங்கிக் காதுக்குக் கொடுத்தார். வயிற்றிலிருந்து இருபதைத் திருடி மூக்குக்கு வைத்தார். முட்டிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. குதிரை நாலு காலையும் விறைத்துக்கொண்டு, பேய் பிடித்த மேசைபோல ஓடியது.

"ஏங்க, இதுக்கு முட்டியே மடங்காதா?" என்று கேட்டார் மனைவி.

அந்தக் கேள்வி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அந்த விளையாட்டுக் கம்பெனியை மூடிய பிறகு, சமையலறை அலமாரி விற்கும் கடையொன்றில் கம்ப்யூட்டரில் கதவு வரைந்து காலம் தள்ளினார். கதவுக்கு முட்டி கிடையாது, அந்த மட்டில் நிம்மதி.

போன வருடம் நாலே பேர் உள்ள சின்ன விளையாட்டுக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. பழைய குதிரையின் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டிருந்தார்.

"என்ன துணிச்சல் சார் உங்களுக்கு! வேண்டாததையெல்லாம் தூக்கி எறிஞ்சிட்டீங்களே!"

குதிரைக்காரர் எதையும் எறியவில்லை. அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஐம்பத்தாறு வயதில் தேடி வந்த வேலையிடம் யார் உண்மை பேசுவார்? தலையை ஆட்டிவைத்தார். ஒரு மாதத்தில் புதுக் குதிரை செய்து, அது பிடித்துப்போனால் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

புதுக் கம்ப்யூட்டர் லட்சம் முக்கோணம் கொட்டினாலும் அசரவில்லை. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. லாயத்துக்கே போய்க் குதிரைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முட்டியைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் நரம்பு, மூக்குத்துளை, இமைமயிர் என்று இழைத்தார். முட்டிகளுக்கு மட்டும் இருபதாயிரம். திரையில் குதிரை முதல்முறையாக முட்டியை மடக்கியபோது அழுதேவிட்டார்.

நாலு பேரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"நல்லாதான் இருக்கு சார்," என்று இழுத்தார் முதலாளிப் பெண். "ஆனா இத யார் வேணா செய்வாங்க. உங்க குதிரை எங்க?"

குதிரைக்காரர் நாட்காட்டியைப் பார்த்தார். மிச்சம் ஒரு வாரம். உட்கார்ந்து, மனசே இல்லாமல் ஒவ்வொரு முக்கோணமாகப் பிய்த்துப் பெட்டிக் குதிரை ஒன்று செய்தார்.

"வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கே சார்," என்றார்கள்.

வேண்டுமென்றே செய்யச் சொன்னது யாராம்! இரண்டு நாள்தான் பாக்கி என்றபோது நேராக முதலாளிப் பெண்ணின் மேசைக்குப் போய் நின்றார்.

"முந்நூறுக்கு மேல போட முடியாதபடி இந்தக் கம்ப்யூட்டரப் பூட்டிடும்மா. பாஸ்வேர்ட எங்கிட்ட சொல்லிடாத."

பூட்டினார்கள். மறுபடி பழைய பிடுங்கல் தொடங்கியது. வாலில் பத்து, வயிற்றில் இருபது. முட்டிக்கு ஒன்றே ஒன்று சேர்க்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் முடியாது என்றது. அவர் வாய்விட்டுத் திட்டினார், கெஞ்சினார், அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் குதிரை கட்டைக் கால்களோடு ஓடியது. ஆபீசே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வேலை நிரந்தரமாயிற்று.

வீட்டில் மனைவி, புதுக் குதிரை ஓடும் அவர் போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இத்தன வருஷம் ஆச்சு. இன்னுமா முட்டி மடங்கல?"

"மடங்கினா வேலை போயிடும்," என்றார் குதிரைக்காரர். பிறகு எழுந்து தன் மடிக்கணினியைத் திறந்தார். "இங்க வா, இன்னொண்ணு காட்டறேன். ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாத."