மச்சான் விழுங்கிய பொம்மை

என் அக்கா ஒப்துலியாவின் புருஷன் எவாரிஸ்தோ, மெக்சிகோவில் எங்கள் புவெப்லா நகரில் டவுன் பஸ் ஓட்டுகிறவர். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஸ்டீயரிங் அவர் வயிற்றில் உரசும். இன்னும் பெருத்தால் இறக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டால் மச்சானுக்கு வேறு உலகம் கிடையாது.

மனுஷர் செய்யாத வைத்தியம் இல்லை. சப்பாத்திக்கள்ளிச் சாறு குடித்தார், தொட்டுக்கொள்ளப் பன்றிக்கறி வறுவல் கேட்டார். பூங்காவில் நடந்தார், நடை முடியும் இடத்தில் டாக்கோ கடை இருந்தது. வாராவாரம் போட்ட ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது. மருந்து வரத்து நின்றதும், போன எடை சொந்தபந்தங்களோடு திரும்பி வந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில், இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தார். அதுவரை ரொட்டியும் இனிப்பும் தொடக்கூடாது, தொட்டால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

இந்த நேரம் பார்த்து, ஜனவரி ஆறாம் தேதி, குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் வந்தது. அன்றைக்கென்றே சுடுகிற இனிப்பு வளைய ரொட்டியை வெட்டினோம். உள்ளே இருக்கும் குழந்தைப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். கடைசித் துண்டுவரை பொம்மையைக் காணோம். மச்சானோ மூலையில் கீரை சூப்பை உறிஞ்சிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்! நேரே ரொட்டிக்கடைக்குப் போய், "பொம்மை வைக்காம என்னய்யா ரொட்டி சுடுறே?" என்று கத்தி, இன்னொரு ரொட்டியைச் சும்மா பிடுங்கி வந்தேன்.

மறுநாள் காலையில், ஆபரேஷனுக்கு முந்திய சோதனைக்காக மச்சானின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்தவரிடம் டாக்டரம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை.

"யாருங்க இந்தப் பாப்பா? உங்க வயித்துல குடியிருந்துச்சு."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா. "எப்பய்யா தின்னே?"

"நீங்க வெட்டுறதுக்கு முன்னாடியே, ஒரே ஒரு துண்டு. நீ சமையல்கட்டுக்கு வர்ற சத்தம் கேட்டுச்சு, மெல்லாம முழுங்கிட்டேன். மிச்சத்தை நெருக்கி வளையமாக்கி வச்சேன்." பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, என் பேரைத் தள்ளிடாதீங்க. பஸ் போயிடும்."

பாவமாக இருந்தது எனக்கு. ரொட்டிக்காரரை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

"தின்னது பெருசில்ல. இது வியாதி, நாக்கு இழுக்கத்தான் செய்யும்," என்றார் டாக்டரம்மா. "மறைச்சீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி முழுங்கினா தையல் பிரிஞ்சிடும். ஆசை வந்தா வாயத் திறந்து சொல்லணும். சரி, பொம்மை உங்களுக்குத்தானே கெடச்சது? வழக்கப்படி ரெண்டாம் தேதி எங்க எல்லாருக்கும் தமால் கொண்டு வாங்க. அன்னிக்கு உங்களப் பாத்துட்டுத் தேதி குறிக்கிறேன்."

பிப்ரவரி இரண்டாம் தேதி தமால் பானையோடு போனோம். நர்சுகள் சோள இலையைப் பிரிக்க, ஆவி மச்சானின் மூக்கில்தான் ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் பிய்த்து அவர் கைக்குள் திணித்தேன்.

"வாங்கிக்க மச்சான், யாரும் பாக்கல."

விரலை மடக்கப் போனவர், சட்டென்று அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"டாக்டரம்மா!" ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினார். "சீக்கிரம் வாங்க! இந்தப் பய குடுக்கறான், எனக்குத் தின்னணும்போல இருக்கு!"

டாக்டரம்மா ஓடி வந்து தமாலை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே ஆபரேஷன் தேதியைச் சொன்னார். அக்கா என்னைத்தான் வெளியே துரத்தினாள்.