எர்னஸ்டீன் நிறுத்துகிற இடம்

டெட்ராய்ட்டில் பஸ் ஓட்டிய பெண்களில் சோல் என்கிற கறுப்பர் பாட்டில் ரெக்கார்டு போட்டவள் எனக்குத் தெரிந்து எர்னஸ்டீன் ஒருத்திதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஒரே ஒரு ஆல்பம். அதில் பின்பாட்டு பாடிய மூன்று பேரில் நானும் உண்டு. அட்டையில் என் பெயரைத் தப்பாகப் போட்டார்கள், அதை விடுங்கள். ரெக்கார்டு கம்பெனி மூடியதும் அவள் உட்வர்ட் சாலையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பாடுவாள். பயணிகள் எரிச்சல்படாமல் இருக்கத்தான் என்பாள். கைதட்டலுக்காக என்பேன் நான்.

எழுபத்தாறு வயதில் அவளுக்கு மறுபடி ஒரு ஆல்பம் வாய்த்தது. இந்தக் காலத்து எலக்ட்ரானிக் இசையோடு டெரன்ஸ் என்பவன் போடுகிறான் என்றார்கள். யாரோ பொடியன் என்று நினைத்தேன். வந்து நின்றவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, மொட்டைத் தலை, முழங்கால் வலி வேறு.

ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போகப் பயம் என்று வாய்விட்டுச் சொல்கிற ரகமா அவள்? “லவெர்ன், உனக்குத்தான் வேலை வெட்டி இல்லையே, கூட வாடி” என்றாள். போனேன்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினாள். குரல் கீழே இறங்கி, கொஞ்சம் கரகரத்து, அடேயப்பா! எனக்கு வயிறு எரிந்தது, சொல்ல என்ன வெட்கம். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் பல்லவியின் முதல் வரி முடிந்ததும் நின்றுவிடுவாள். டிரம் அது பாட்டுக்கு ஓடும். இவள் பிந்தி வந்து சேர்வாள்.

“மிஸ் எர்னஸ்டீன், அந்த இடத்துல நிறுத்தாமப் போங்களேன்” என்பான் டெரன்ஸ்.

“நான் எங்கப்பா நிறுத்தினேன்?”

சத்தியமாக அவளுக்கே தெரியவில்லை. நாலு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் டெரன்ஸ் கெஞ்சுவதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அவள் குரலை வெட்டி இழுத்துத் தாளத்தில் உட்கார வைத்தான். மயிரிழை பிசகில்லை. போட்டுக் காட்டினான்.

எர்னஸ்டீன் முழுசாகக் கேட்டாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடறது நான் இல்ல. இது வெளிய வரவேணாம்.”

அவள் கையெழுத்துப் போடாமல் ஆல்பம் வெளிவராது. ஒப்பந்தம் மேஜைமேல் கிடந்தது. ஐம்பது வருஷம் காத்திருந்துவிட்டு இப்படித் தூக்கிப் போடுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் குளிரில் விறைத்த காரைச் சூடாக்க வெளியே போனதும் டெரன்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ புருஷன் ஹோரஸ்னு ஒருத்தன் இருந்தான். சர்ச்சுல மூணாவது பெஞ்சு. இவ ஒரு வரி பாடினா சர்ச்சே பதிலுக்குக் கத்தும், இவன் ‘அப்படிச் சொல்லு கண்ணு!’ன்னு கத்துவான். எல்லாரும் கத்தி முடிச்சப்புறம் கத்துவான்! கார் ஃபாக்டரி இரைச்சல்ல காது பாதி போச்சு. அவனுக்காகவே நாப்பது வருஷமா நின்னு நின்னு பாடினா. அவனோட நான் போடாத சண்டையா? போன குளிருக்கு முந்தின குளிர்ல செத்துப் போயிட்டான். இவ இன்னும் நிக்கறா.”

டெரன்ஸ் மொட்டையைத் தடவினான். “இத மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ கேட்டியா?”

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அவள் குரலைப் பாடியது பாடியபடி பழைய இடத்திலேயே வைத்தான். அவள் நிற்கிற இடத்தில் டிரம், பேஸ் எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டான். நான் போய் அவளை இழுத்து வந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

பாட்டு ஓடியது. முதல் வரி முடிந்தது. எல்லாம் நின்றது.

ஒரு மெஷின் ஒருவருக்காகக் காத்து நின்றதை அன்றுதான் கேட்டேன். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். கத்த வேண்டியவன் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. “அப்படிச் சொல்லு கண்ணு!” என்று கத்தினேன். அதற்குள் அவள் குரல் அடுத்த வரியில் பாதி போயிருந்தது.

எர்னஸ்டீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூட இல்லை.

“அந்த மனுஷனவிட லேட்டுடி நீ” என்றாள். பிறகு டெரன்ஸிடம் பேனா கேட்டாள்.