குருத்தில் இறங்கிய கத்தி

அந்த விசிறிப்பனையைக் கொன்றது நான்தான். சித்தப்பா இறந்து பல வருடங்கள் கழித்து இதை எழுதுகிறேன். அதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது.

அம்மா இறந்ததும் அப்பா கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். ஒன்பது வயதில் நான் பலாபத்வலைக்கு மேலேயிருந்த தோட்டத்து பங்களாவில் சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தேன். பங்களாவின் பூந்தோட்டமும் கண்ணாடி வீடும் அவர் பொறுப்பு. கல்யாணம் செய்யாதவர். அங்கே விளையாடப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பாவும் அதிகம் பேசமாட்டார், கண்ணாடி வீட்டிலிருந்த அந்த விசிறிப்பனையோடு தவிர. விதை போட்டு அவரே வளர்த்தது. முளைக்கவே ஒரு வருடம் எடுத்ததாம். விருந்தாளிகள் வந்தால் தோட்டத்துரையின் மனைவி, துரைசானி, முதலில் காட்டுவது அதைத்தான். சித்தப்பா அதன் மடிப்பு மடிப்பான வட்ட இலைகளை ஈரத்துணியால் துடைத்தபடி, “என்னம்மா, மூஞ்சி வாடியிருக்கு?” என்பார். என்னிடம் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

மாத்தளையில் தேர் வந்தது. கூட்டிப்போகச் சொல்லி ஒரு வாரம் நச்சரித்தேன்.

“வெயிலு கொளுத்துதுடா. மூணு வேளை தண்ணி தெளிக்காட்டி இலை கருகிரும். அடுத்த வருசம் போவோம்.”

“உங்களுக்கு அதுதான் பெருசு.”

சிரித்தார். “பின்ன, மூத்த மக அவதானே.”

மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் அவருடைய கத்தியை எடுத்து, விரியாத குருத்தின் அடிவரை இறக்கினேன். குருத்துப் போனால் மரம் போய்விடும் என்பது தென்னை நிற்கும் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

பனை உடனே சாகவில்லை. பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. சில வாரங்களில் குருத்து மட்டும் பழுத்துச் சாய்ந்தது. சித்தப்பா மெல்ல இழுத்தார். கையோடு வந்தது. அதன் அடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

துரைசானி கேட்டபோது, “தண்ணி கூடிப்போச்சுங்கம்மா. அழுகிருச்சு. என் தப்புத்தான்” என்றார். நான் அவர் பின்னால்தான் நின்றேன்.

மாத முடிவில் சித்தப்பாவின் வேலை போனது. என்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவர் கலேவெலப் பக்கம் யாருடைய மிளகாய்த் தோட்டத்துக்கோ கூலிக்குப் போனார்.

பிற்காலத்தில் நானும் பனைகள் வளர்த்தேன். நீர் கூடி அழுகிய குருத்தின் அடி கூழாக இருக்கும். கத்தி பட்டதில் நேர்கோடாக வெட்டுத் தெரியும். அன்று அதைப் பார்த்து முடித்தும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்து, நிம்மதியாகச் சோறு தின்றேன்.