அத்தையின் சத்தமில்லாத பஸ்

என் அத்தை பத்தொன்பது வருஷமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறாள். அடிவாரத்து பஸ் நிலையத்தில் கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஐந்து வளைவுகள் ஏறி, மேட்டுக் குடியிருப்பின் உச்சியில் திரும்பி, வந்த வழியே இறங்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நடை.

"கணக்குப் போட்டுப் பார்த்தேன்டி" என்று ஒருநாள் சொன்னாள். "நான் ஓட்டின தூரத்துக்கு உலகத்தைப் பத்து தடவை சுத்தியிருக்கலாம். நீ நாலு வருஷம் சுத்தி ஒரு தடவைகூட முழுசா முடிக்கலையே, மருமகளே?"

நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவள் வீட்டில் வந்து விழுந்து நாலு மாதம் ஆகிறது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் என்று என்னைச் சொல்வாள். எனக்காவது இரண்டு சக்கரம், அவளுக்கு ஆறு.

ஆள் குள்ளம். ஓட்டுநர் இருக்கையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்காருவாள். பயணிகள் பலருடைய பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு முழங்கால் வலி, யார் மகள் எந்தப் பரீட்சை எழுதுகிறாள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அத்துப்படி. பேசாதவர்கள் இரண்டு பேர் ஒரே நிறுத்தத்தில் ஏறினால் வேண்டுமென்றே பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி, ஒருவர்மேல் ஒருவரைச் சாய வைப்பாள். இரண்டு குடும்பங்கள் அப்படிச் சமாதானம் ஆகியிருப்பதாக அவளே சொல்லிக்கொள்கிறாள்.

ஒரு காரியம் மனசில் ஏறிவிட்டால் ஓயமாட்டாள். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் மண்டை வெந்துவிடும். போன வருஷம் டெப்போவில் பழைய பஸ் ஒன்றைப் பிரித்துப் போட்டார்கள். அத்தை மேலாளரிடம் நச்சரித்து அதன் இருக்கைகளின் ஸ்பாஞ்சையெல்லாம் வாங்கி வந்தாள். தகரத்துக்குக் கீழே பலகை அடித்து, இடைவெளியில் ஸ்பாஞ்சை நெருக்கி அடைத்தாள். வெக்கை பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்தின் நடுவில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வாள்.

"என் தலைக்கு மேல நாப்பத்தெட்டு சீட்டு இருக்கு தெரியுமா?"

"அதான் உள்ள வந்ததும் கூட்டமா இருக்கிற மாதிரி இருக்கு" என்றார் மூன்றாம் வளைவுத் தையல்காரர். சிரித்துவிட்டுப் போனவர், அடுத்த வாரமே கடையில் குவிந்திருந்த வெட்டுத்துணியை மூட்டை மூட்டையாகத் தன் கூரைக்கடியில் திணித்துவிட்டார். முட்டைக்கடைக்காரி காகித அட்டைகளை அடுக்கினாள். நாலாம் வளைவில் இருக்கும் கணக்கு வாத்தியார், கூரையோடு விடாமல் சுவர், ஜன்னல் எல்லாவற்றுக்கும் தெர்மோகோல் ஒட்டினார்.

"வீடு குளுகுளுன்னு இருக்கும்மா. என் சம்சாரம் சமையலறையிலேர்ந்து கூப்பிட்டாகூடக் கேக்கல. ஒரே செலவுல ரெண்டு நன்மை."

ஆறு மாதத்தில் மேட்டில் பாதி வீடுகள் இப்படி எதையாவது திணித்துக்கொண்டன. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்ததாக அவள் பிடித்துக்கொண்டது பஸ். பழைய பஸ் மேட்டில் ஏறும்போது விடும் புகையில் இரண்டாம் வளைவில் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். மின்சார பஸ் வேண்டும் என்று மனு எழுதி, பயணிகளிடம் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போட்டவர்கள் சும்மா போடவில்லை.

"நடு மேட்டுல சார்ஜு தீர்ந்தா யாரு தள்றது?"

"என் போனே மத்தியானத்துக்குள்ள படுத்துடுது. பஸ்ஸு எப்படி டிரைவரம்மா நிக்கும்?"

"போடுய்யா கையெழுத்தை. தள்ள வேண்டி வந்தா நானே எறங்கித் தள்றேன்" என்பாள் அத்தை.

பஸ் வந்தது, ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதம் சோதனை. கடைசி நாளன்று போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, காலை முதல் நடையில் தலை எண்ணுவார். முப்பத்தைந்து பேருக்குக் குறைந்தால் பஸ் வேறு தடத்துக்குப் போய்விடும். பழைய பஸ்ஸை ஏற்கெனவே உடைசலுக்குப் போட்டாயிற்று. அதாவது மேட்டுக்கு இனி பஸ்ஸே கிடையாது. அத்தையை நெடுஞ்சாலைத் தடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

"முப்பத்தஞ்சா? எனக்கு அறுபது பேர் தொங்கிக்கிட்டு வர்றாங்க" என்று அத்தை சிரித்தாள்.

முதல் நாள் பஸ் பூனை மாதிரி மேட்டில் ஏறியது. இறங்கும்போது அதில் பதினோரு பேர் இருந்தார்கள். மறுநாள் ஒன்பது.

என்ன நடந்தது என்று எங்களுக்குப் புரியவே நாலு நாள் ஆனது. மேட்டில் யாரும் பஸ்ஸுக்காகக் கடிகாரம் பார்த்ததே இல்லை. பார்த்தும் பயனில்லை. ரயில்வே கேட் சில நாள் ஐந்து நிமிஷம் மூடியிருக்கும், சில நாள் இருபது நிமிஷம். அதனால் எல்லோரும் காதை நம்பியே இருந்தார்கள். பழைய பஸ் முதல் வளைவில் உறுமினால் சட்டை மாட்ட வேண்டும். மூன்றாம் வளைவில் கியர் கரகரத்தால் சாப்பாட்டு டப்பாவை மூட வேண்டும். உச்சியில் அது இருமிக்கொண்டு திரும்பும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால், இறங்கி வரும் பஸ்ஸில் சரியாக ஏறிக்கொள்ளலாம். இப்போது உறுமலும் இல்லை, இருமலும் இல்லை. போதாக்குறைக்கு வீடுகளெல்லாம் பஞ்சும் துணியும் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உச்சியில் ஆஸ்பத்திரி இருப்பதால் மேட்டில் ஹார்ன் அடிக்கவும் தடை.

அத்தை அன்று சாப்பிடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பஸ்ஸை ஊமையாக்கினதும் நான்தான். ஊரைச் செவிடாக்கினதும் நான்தான். எவளாவது இப்படித் தனக்குத் தானே வேட்டு வச்சுக்குவாளா?"

இந்த நிலைமையில்தான் குப்பை லாரி எங்கள் கண்ணைத் திறந்தது. பஸ் போய் அரைமணி கழித்து அது மேட்டில் ஏறும். எங்கள் பழைய பஸ்ஸின் அதே இன்ஜின். அது முதல் வளைவில் உறுமியதும் மேடே பரபரத்தது. உச்சியில் அது திரும்பும் நேரத்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பேர், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, டப்பாவும் கையுமாக நின்றார்கள்.

லாரியை ஓட்டுபவளுக்கு மேட்டில் தளபதி என்று பெயர். அத்தையைவிடப் பத்து வயது இளையவள், குரல் பத்து மடங்கு பெரியது. அவள் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

"என்ன, எல்லாரும் குளிச்சு முழுகி வந்து நிக்கிறீங்க? பின்னாடி ஏறுங்க. இடம் இருக்கு, வாசனைதான் கொஞ்சம் பத்தாது."

நாலாம் வளைவில் வாத்தியார் வெளியே வரவேயில்லை. அவருக்கு லாரியும் கேட்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டதும் அத்தை எழுந்து உட்கார்ந்தாள். சாயங்காலமே அடிவாரத்துக் கொட்டகைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ் நிலையத்தை ஒட்டினாற்போல் இருக்கும் அந்தக் கொட்டகையில்தான் மேட்டுக் குப்பையைப் பிரிக்கிறார்கள். தளபதி கையுறையோடு நனைந்த காகிதத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அரைமணி முன்னாடி கிளம்பு. எனக்கு முன்னாடி ஏறு. அவ்வளவுதான் கேக்கிறேன்."

"எனக்கு என்னக்கா ஆதாயம்?"

"என்ன வேணும் சொல்லு."

தளபதி கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள். பழைய நோட்டுப் புத்தகம், அதன் நடுவில் யாரோ ஊற்றிய குழம்பு.

"இப்படி வேணாம். காஞ்ச காகிதமா வேணும். எட்டு வருஷமாத் தொண்டை கிழியக் கத்துறேன். காகிதத்தைத் தனியாக் கட்டுங்க, பாட்டிலைக் கழுவிக் குடுங்கன்னு. ஒருத்தன் கேக்கல. எல்லாம் ஒரே குழிக்குத்தானே போகுதுங்கிறான். உங்க ஆளுங்க பிரிச்சுக் குடுத்தா, உங்களுக்கு முன்னாடி நான் சங்கு ஊதிக்கிட்டே போறேன்."

அத்தை மறுநாளே பிரச்சாரத்தை ஆரம்பித்தாள். ஏறிய ஒன்பது பேரிடமும் சொன்னாள், அவர்கள் மூலம் மற்றவர்களுக்குச் சொல்லியனுப்பினாள். தையல்காரர் முணுமுணுத்தார்.

"பஸ் ஏறணும்னா பாட்டில் கழுவணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

"மூணு மாசம் கழிச்சு நாலு கிலோமீட்டர் நடக்கிறது எந்த ஊர் நியாயமோ அதே ஊர்தான்" என்றாள் அத்தை.

முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்கள். காலையில் கேட் திறந்ததும் முதலில் லாரி, பின்னால் பத்தடி விட்டு எங்கள் பஸ். லாரி உறுமும், மேடு எழும். இறங்கும்போதும் அதே வரிசை. ஒரு கையில் காகிதக் கட்டு, இன்னொரு கையில் டப்பா. கட்டை லாரியில் போட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்கள். வாத்தியாரை மட்டும் முட்டைக்கடைக்காரி போகிற போக்கில் கதவைத் தட்டி அழைத்து வர வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. காகிதம் இப்படிக் காய்ந்து கட்டுக்கட்டாக வருவதைப் பார்த்து, கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் தளபதியிடம் எந்த ஊர்க் குப்பை என்று கேட்டார்களாம்.

கடைசி நாள் வந்தது. அலுவலகத்து ஆள், கையில் அட்டையும் பேனாவுமாக முன்னிருக்கையில் உட்கார்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை. சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். அத்தை போர்வையை இரண்டு தரம் மடித்துப் பிரித்தாள். நான் அவள் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கேட் அருகே லாரியைக் காணோம்.

சற்று நேரத்தில் தளபதி ஓடி வந்தாள். முழங்கை வரை கிரீஸ்.

"அக்கா, செல்ஃப் எடுக்கல. தள்ளியும் பார்த்தாச்சு. செத்துப் போச்சு."

அத்தை அலுவலகத்து ஆளைத் திரும்பிப் பார்த்தாள். கேட் திறந்தது. பின்னால் கார்கள் அலறின.

"சார், அஞ்சு நிமிஷம்..."

"நேரத்துக்குக் கிளம்பணும்மா. நான் எண்ணத்தான் வந்திருக்கேன், காத்திருக்க வரல."

தளபதி ஒரே தாவலில் பஸ்ஸுக்குள் ஏறினாள். "எடுக்கா வண்டியை. முதல் வளைவுல என்னை எறக்கிவிடு."

மேட்டில் வளைவுக்கு வளைவு குறுக்கே படிக்கட்டு உண்டு. பஸ் சுற்றிக்கொண்டு வருவதற்குள் படியில் நேராக ஏறிவிடலாம், மூச்சு இருந்தால். முதல் வளைவில் தளபதி இறங்கினாள், நானும் குதித்தேன். இடது பக்க வீடுகள் அவளுக்கு, வலது பக்கம் எனக்கு. இரண்டு கையாலும் கதவுகளை அறைந்துகொண்டே ஓடினோம்.

"பஸ்ஸு! பஸ்ஸு ஏறுது! எந்திரிங்க!"

ஜன்னலைத் திறந்து ஒருவர் அதட்டினார். "ஆஸ்பத்திரி இருக்கிற இடம், தெரியாதா?"

"ஹார்னுக்குத்தான் தடை! எனக்குத் தடை போட இன்னும் ஆள் பொறக்கல!" என்றாள் தளபதி.

இரண்டாம் வளைவில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மேலே எங்கோ வேறு கதவுகள் அறைபடும் சத்தம் கேட்டது. தையல்காரர் பனியனோடு படிகளில் ஏறி அடுத்த வீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் அதற்கு அடுத்ததை. நாங்கள் தொடாத தெருக்களில்கூடத் தட்டல் பரவிக்கொண்டே போனது.

நானும் தளபதியும் தட்டுத்தடுமாறி உச்சிக்கு வந்து பஸ்ஸில் ஏறியபோது அதில் நாலே பேர். அத்தை கண்ணாடியைப் பார்க்கவே பயந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் வளைவில் திரும்பினாள், திரும்பியதும் பிரேக் போட்டாள்.

நிறுத்தம் நிறைய ஆட்கள். தலை வாராமல், பித்தான் போடாமல், ஒருவர் வலது காலில் ஒரு செருப்பும் இடது காலில் வேறொன்றுமாக. எல்லோர் கையிலும் வழக்கம்போலக் கட்டு, மூட்டை, அட்டைப்பெட்டி.

"லாரி எங்க?"

"இன்னிக்கு இதுதான் லாரி. ஏறுங்க, ஏறுங்க!" என்றாள் அத்தை.

அலுவலகத்து ஆள் பதறினார். "சரக்கு ஏத்தக் கூடாதும்மா!"

"சரக்கா? கைப்பை சார்" என்று முட்டைக்கடைக்காரி இடுப்புயர அட்டை அடுக்கை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் வளைவில் இன்னும் பதினைந்து பேர். இரண்டாம் வளைவில் நிற்க இடமில்லை. கழுவிய பாட்டில்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கலகலவென்று சத்தம் போட்டன. எண்ண வந்தவர் பேனாவை நீட்டி நீட்டித் தடுமாறினார்.

"முப்பத்தி ரெண்டு... முப்பத்தி மூணு... அந்தப் பெரிய பெட்டிக்குப் பின்னால ஆள் இருக்காங்களா?"

"இருக்கேன் சார்!" பெட்டிக்குள்ளிருந்து வருவது போல வாத்தியாரின் குரல். "முப்பத்தி நாலுன்னு போடுங்க. நீங்க நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க, அதையும் சேர்த்தா முப்பத்தஞ்சு."

பஸ் முழுக்கச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தாள், கன்னத்தில் மட்டும் நீர் ஓடியது.

பஸ் நிலையத்தில் அவர் மூன்று தடவை எண்ணிப் பார்த்து அறுபத்திரண்டு என்று எழுதினார். அட்டையை அத்தையிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"பஸ் இங்கயே இருக்கும்மா. ஆனா சரக்கு விஷயத்தை நான் பார்க்கல."

"நீங்கதான் சார் மடியில வச்சுக்கிட்டு வந்தீங்க" என்றாள் அத்தை. அவர் முதல் தடவையாகப் பல்லைக் காட்டினார்.

வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தும் யாரும் ஓடவில்லை. பஸ் வாசலிலிருந்து கொட்டகை வரை வரிசையாக நின்று, கட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். வரிசையின் நடுவில் இஸ்திரிச் சட்டைக்காரரும் இருந்தார். தளபதி கொட்டகை வாசலில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது நடைக்கு மணி அடித்தது. அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே தளபதியும் ஆறு காலிச் சாக்குகளோடு ஏறினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"லாரி சாயங்காலந்தான் சரியாகுமாம்க்கா. மேல பாதி வீட்டுக் குப்பை அப்படியே இருக்கு. யாரு எடுக்கிறது?"

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, உக்காரு. ஆனா டிக்கெட்டு எடுக்கணும். சாக்குக்கும் சேர்த்து."