நீல நாக்கும் என் கைராசியும்

என் கைக்கு ராசி உண்டு என்று எங்கள் வடமதுரைப் பக்கத்தில் சொல்வார்கள். தக்காளி நாற்று நடும்போது முதல் நாற்றை வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். நானும் போய், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு நாற்றை ஊன்றிவிட்டு, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படிப்பட்ட கை, கம்ப்யூட்டரிடம் மட்டும் பலிக்கவில்லை. இரண்டு வருஷமாக எனக்கு அது ஒரு மனக்குறை.

என் மருமகள் கல்யாண வீடுகளுக்குப் போய் வீடியோ எடுக்கிறாள். எடுத்ததை எங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சோப்புக்கட்டி அளவு இருக்கும் ஒரு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பாள். டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு முழக் கேபிள். அவள் வெளியே போகிற நாளில் அந்தக் கேபிளைச் சொருகிப் படத்தை ஏற்றி வைப்பது என் வேலை.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். அதற்குத் தகுந்தபடி அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியில் கேபிள் சொருகும் ஓட்டைக்குள் ஒரு நாக்கு தெரியும். கறுப்பு நாக்கு என்றால் படம் ஊர்ந்து போகும், நீல நாக்கு என்றால் ஓடும். ஏற ஆரம்பித்ததும் திரையில் ஒரு எண் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி மாதிரி ஒரு இங்கிலீஷ் எழுத்து நின்றால் அத்தனை மணி நேரம். மூன்று கால் வைத்த எழுத்து நின்றால் அத்தனை நிமிஷம்.

அவள் சொருகினால் மூன்று கால் எழுத்து வரும். நான் சொருகினால் பெரும்பாலும் நாற்காலிதான். அதே டிஸ்க், அதே நீல நாக்கு. கேபிள் பழுதாகியிருக்கும் என்று இரண்டு புதுக் கேபிள் வாங்கிப் பார்த்தாள். அதிலும் எனக்கு நாற்காலியே வந்தது.

"என்னத்தே, உங்க கை பட்டா மட்டும் மாட்டு வண்டி ஆயிருது" என்று சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

போன வைகாசியில் ஒரு நாள் அவள் செம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கே நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் தன் மகன் கல்யாணப் படத்தை வாங்க வருவதாக இருந்தார். அவர் மகனும் மருமகளும் அன்று சாயங்காலமே வெளிநாடு புறப்படுகிறார்கள். கொடுப்பதாகச் சொன்ன நாள் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது.

"ஒரு மணிக்கு கம்ப்யூட்டர் படத்தை முழுசாக் கோத்து முடிச்சுரும். உடனே டிஸ்க்குல ஏத்திருங்க அத்தே. இந்தத் தடவையும் இல்லைன்னா நத்தம் பக்கம் என்னைய ஒருத்தரும் கூப்பிட மாட்டாக" என்று சொல்லிவிட்டு விடியும் முன்பே கிளம்பிவிட்டாள்.

ஒரு மணிக்குச் சொருகினேன். ஐந்து என்று வந்தது. பக்கத்தில் நாற்காலி.

என்ன செய்வது என்று நிற்கும்போதே வாசலில் மாந்தோப்புக்காரர் வந்துவிட்டார். கையில் ஒரு பை மாம்பழம்.

"அக்கா, படம் ரெடியா? ரெண்டரைக்குக் கெளம்புனாத்தேன் பிள்ளைக வண்டியேற முன்ன வீட்டுக்குப் போய்ச் சேர முடியும்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. அவர் முன் அறையிலேயே, கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். வெளி ஆண்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அடுப்படிக்குள் போய் மருமகளுக்குப் போன் போட்டேன்.

"அத்தே, ரேடியோ செட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசுங்க."

"நாற்காலி வந்துருச்சு தாயி" என்றேன்.

"கேக்கல அத்தே."

"நாற்காலி வந்துருச்சு" என்று கத்தினேன்.

முன் அறையிலிருந்து அவர் குரல் வந்தது. "நான் உக்காந்துட்டேன் அக்கா. எனக்கு நாற்காலியெல்லாம் தேட வேண்டாம்."

மருமகள் மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது, சத்தம் அடங்கியது. நீல நாக்குதானா என்றாள். ஆமாம் என்றேன்.

"எப்பிடிச் சொருகுனீக?"

"எப்பவும் போல மெதுவாத்தேன். அதுக்கு வலிக்காம."

"வலிக்காமயா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "அத்தே, அந்தக் கேபிளுக்குள்ள பழைய கம்பி நாலு, வேகக் கம்பி அஞ்சு. பழசுதேன் முதல்ல தொடும். நீங்க அசைஞ்சு அசைஞ்சு சொருகி முடிக்கிறதுக்குள்ள, அந்த நாலும் கம்ப்யூட்டர்கிட்டப் பேசிருது. இது பழைய ஆளுதேன்னு அதுவும் மெதுவா ஓட்டுது. எனக்கு இம்புட்டு நாளா இது தோணவே இல்ல பாருங்க. கேபிளையில்ல குத்தம் சொன்னேன்."

"இப்ப என்ன செய்ய?"

"திரையில பெருக்கல் குறி இருக்குல்ல, அதை அமுக்கி நிறுத்துங்க. பெறகு கேபிளை எடுத்துட்டு ஒரே தள்ளாத் தள்ளுங்க. கோவத்துல கதவைச் சாத்துற மாதிரி."

"நான் என்னைக்கு தாயி கதவைச் சாத்துனேன்?"

"அதேன் தெரியுமே. இன்னைக்கு ஒருக்காச் சாத்துங்க."

முன் அறைக்குப் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்கல் குறியை அமுக்கினேன், கேபிளை உருவினேன். ஒரே தள்ளு. மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பே ஆடியது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுபடி படத்தை ஏற்றிவிட்டேன். எண் வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இருபத்தெட்டு. பக்கத்தில் மூன்று கால்.

"இருபத்தெட்டு நிமிஷம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பேசுவீகளா அக்கா? நான் போன்ல மட்டுந்தேன்னு நெனைச்சேன்."

படம் ஏறி முடியும் வரை அவர் தோப்பில் வௌவால் தொல்லை பற்றிச் சொன்னார். நான் மோர் கொடுத்தேன். இரண்டேகாலுக்கு டிஸ்க்கோடு அவர் வண்டி தெருமுனை தாண்டியது. அதன் பிறகுதான் உட்கார்ந்தேன். அவர் வைத்துவிட்டுப் போன பையிலிருந்து முதல் மாம்பழத்தை அறுத்து நானே தின்றேன்.

நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. பிள்ளைகள் போகும் வழியிலேயே படம் பார்த்துவிட்டார்களாம். அவருடைய அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம், மருமகள்தான் வந்து எடுக்க வேண்டுமாம்.

"படம் ஏத்துறதுக்கு அந்தப் பேசாத அக்கா இருப்பாகள்ல?" என்று கேட்டார். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இருக்கேன்" என்று அடுப்படியிலிருந்து சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது. மருமகள்தான் எடுத்துச் சொன்னாள்.